ஸ்லைடிங் மைட்டர் சா: அந்த 2 மில்லிமீட்டர் இழுப்பு சரியா, தப்பா?

இழைப்புளி:
நேத்து தேக்குமரன் போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. ‘ப்ளைவுட் மேல் முகத்துல பிசிறு வராம இருக்கணும்னா, முதல்ல 2 மி.மீ. ஆழத்துக்கு ஓடுற பிளேடை உங்க பக்கம் இழுத்து ஒரு கோடு போடுங்க, அப்புறம் தள்ளி முழுசா அறுங்க’ன்னு எழுதியிருக்கார். கீழே புதுசா மிஷின் வாங்கின பசங்க ‘நன்றி அண்ணே, நாளைக்கே செஞ்சு பார்க்கிறேன்’னு வரிசையா நிக்கிறாங்க. வயிறு எரியுது.

ஸ்லைடிங் மைட்டர் சான்னா, வட்ட பிளேடும் மோட்டாரும் இருக்கிற தலை ரெயில்ல முன்னும் பின்னும் ஓடுற அறுக்கும் மிஷின். இதை ஓட்ட ஒரே முறைதான். மோட்டாரை ஓட்டாம தலையை உங்க பக்கம் இழுத்துக்கணும். ட்ரிக்கரை அழுத்தி, பிளேடு முழு வேகம் எடுத்ததும் கீழே இறக்கி, ஃபென்ஸ் (பலகை சாஞ்சு நிக்கிற பின்பக்கத் தடுப்பு) பக்கம் தள்ளணும். அறுத்து முடிச்சதும் ட்ரிக்கரை விட்டு, பிளேடு முழுசா நின்ன பிறகுதான் தலையைத் தூக்கணும். பிளேடோட அடிப்பல் ஃபென்ஸை நோக்கி ஓடுது. அதனால பலகை ஃபென்ஸோட ஒட்டி நிக்கும். ஓடுற பிளேடை நம்ம பக்கம் இழுத்தா, பல்லு பலகை மேல சக்கரம் மாதிரி ஏறி நம்மளை நோக்கி வரும். 2 மி.மீ. ஆனாலும் இழுப்பு இழுப்புதான்.

தேக்குமரன்:
அண்ணே, என் பதிவைப் பாதி படிச்சுட்டு பஞ்சாயத்துக் கூட்டிட்டீங்க. டெப்த் ஸ்டாப்பை, அதாவது பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கலாம்னு நிறுத்துற தடுப்பை, 2 மி.மீ.ல பூட்டச் சொல்லியிருக்கேன், பலகையை கிளாம்ப் போடச் சொல்லியிருக்கேன். ரெண்டையும் விட்டுட்டீங்க.

கணக்குலயே பேசலாம். 254 மி.மீ. பிளேடு, 80 பல்லு. 2 மி.மீ. ஆழத்துல ஒரே நேரத்துல மரத்தைக் கடிக்கிறது ரெண்டு பல்லுதான். 30 மி.மீ. ஆழத்துல கிட்டத்தட்ட 9 பல்லு கடிக்கும். ரெண்டு பல்லு இழுக்கிற இழுப்பை என் மணிக்கட்டு தாங்கும். தள்ளி அறுக்கும்போது பல்லு கீழே இருந்து மேலே ஏறி வெளியே வருது, அதனால மேல் முகத்து வெனீர் (ப்ளைவுட்டோட மெல்லிய மேல் ஏடு) பிய்யுது. இழுக்கும்போது பல்லு மேலே இருந்து உள்ளே இறங்குது, கோடு கத்தியால வெட்டின மாதிரி விழுது. 18 வருஷமா இப்படித்தான் அறுக்கிறேன், பத்து விரலும் இருக்கு.

இழைப்புளி:
விரலை எண்ணிக் காட்டிட்டீங்க, நானும் காட்டுறேன். நான் வேலை கத்துக்கிட்ட பட்டறையில 305 மி.மீ. பிளேடு மிஷின் ஒண்ணு இருந்தது. 40 மி.மீ. கனத்துல ஒரு கடினமான பலகை. அவசரத்துல ஓடுற பிளேடை இழுத்தேன். முதல்ல மோட்டார் சத்தம் கனமா அமுங்கிச்சு. அடுத்த நொடி கைப்பிடி மேலே எகிறி என் பக்கம் வந்துச்சு. தள்ளிப் பிடிக்கக்கூட நேரமில்ல. பலகையைப் பிடிச்சிருந்த இடது பெருவிரல் நகம் இன்னிக்கும் நடுவுல பிளந்துதான் வளருது. டெப்த் ஸ்டாப் தலை கீழே போறதை மட்டும்தான் தடுக்கும் தம்பி. மேலே ஏறி நம்ம பக்கம் வர்றதை எது தடுக்கும்? இதுக்குப் பதில் சொல்லுங்க.

தேக்குமரன்:
40 மி.மீ. பலகையை முழு ஆழத்துல இழுத்திருக்கீங்க. நான் சொன்னது 2 மி.மீ. உங்க விரலுக்கு வருத்தப்படுறேன், ஆனா அதை என் கணக்குல எழுதாதீங்க.

சிலாம்பு:
நடுவுல வர்றேன். ரேடியல் ஆர்ம் சாவை, அதாவது மேலே நீட்டின கைல பிளேடு தொங்கி ஓடுற மிஷினை, நம்ம பக்கம் இழுத்துத்தானே அறுக்கிறாங்க? ரேமண்ட் டிவால்ட் 1920களில் அதை உருவாக்கினதுல இருந்து பட்டறை பட்டறையா இழுத்துத்தான் ஓட்டினாங்க. இழுப்பே பாவம்னா அத்தனை பேரும் முட்டாளா?

இழைப்புளி:
வந்துட்டீங்களா! இந்தாளு போன தடவை கையுறை போட்டுக்கிட்டு அறுக்கலாம்னு சாதிச்சவர். ஓடுற பிளேடுகிட்ட கையுறை போட்டா துணியோட சேர்த்துக் கையையும் உள்ளே இழுக்கும்னு நாலு பேர் சொல்லியும் கேக்கல. இப்ப ரேடியல் ஆர்ம் சாவைத் தூக்கிட்டு வர்றார். அதுவும் இதே மாதிரி ஏறி வர்ற மிஷின்தான். அதனாலதான் அதுக்கு நெகட்டிவ் ஹூக் பிளேடு (பல்லு பின்பக்கமா சாஞ்ச பிளேடு) போட்டு, கையை விறைப்பா வச்சு, அது ஓடி வரவிடாம பிடிச்சுப் பிடிச்சு இழுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. பயந்து ஓட்டின மிஷினை ஆதாரமா காட்டாதீங்க.

சிலாம்பு:
கையுறைப் பேச்சு முடிஞ்சு போச்சு. அதை இங்க இழுக்கிறீங்களே, இது மட்டும் பாதுகாப்பான இழுப்பா?

மூலைமட்டம்:
ஒரு நிமிஷம். ‘இழுப்பு’ன்னு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்களா? மோட்டார் நின்னிருக்கும்போது தலையை முன்னாடி கொண்டு வர்றது ஒண்ணு, ஓடுற பிளேடை மரத்துக்குள்ள இழுக்கிறது இன்னொண்ணு. முதல்ல அதைப் பிரிச்சுச் சொன்னா புதுசா வர்றவங்களுக்குப் புரியும்.

அப்புறம், பிசிறுக்கு முதல் காரணம் திசையே இல்லாம இருக்கலாம். பிளேடு ரெயில் ஓட்டத்துக்கு நேர் இணையா இல்லன்னா, பின்பக்கப் பல்லு ஏற்கெனவே அறுத்த ஓரத்தையே திரும்பச் சுரண்டும். அதோட, உங்க மிஷின் ஃபென்ஸுக்கு 90 டிகிரில நிக்குதான்னு கடைசியா எப்ப பார்த்தீங்க? ஓரம் நேரா இருக்கிற அகலமான பலகையை நட்ட நடுவுல அறுத்து, ஒரு பாதியை அடிமுகம் மேலே வர்ற மாதிரி கவுத்து, ரெண்டையும் அதே ஃபென்ஸ்ல சேர்த்து வச்சுப் பாருங்க. இடைவெளி தெரிஞ்சா உங்க தப்பு அதுல ரெண்டு மடங்காத் தெரியும். அரை டிகிரி விலகினா 300 மி.மீ. அகலத்துல 2.6 மி.மீ. போயிடும். சதுர சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொண்ணும் ஒரே பக்கம் அரை டிகிரி தப்பினா கடைசி மூலை 4 டிகிரி வாயைப் பிளந்து நிக்கும். மேசை 45 டிகிரில தானா வந்து விழுற பள்ளத்தை நம்பி விட்டுட்டு இங்க 2 மி.மீ.க்கு அடிச்சுக்கிறீங்க.

இழைப்புளி:
அது வேற திரி, மூலைமட்டம். இங்க கேள்வி ஒண்ணுதான். ஓடுற பிளேடை நம்ம பக்கம் இழுக்கலாமா, கூடாதா?

தேக்குமரன்:
2 மி.மீ. ஆழத்துல, கிளாம்ப் போட்டு, இழுக்கலாம்.

இழைப்புளி:
கூடாது.

தமிழ்த்தச்சன்:
இத்தனை பேர் பேசுறீங்க, ஒருத்தருக்காவது ‘சாய்வெட்டு ரம்பம்’னு எழுதணும்னு தோணல. மைட்டர், ஃபென்ஸ், பிளேடுன்னு போயிட்டே இருக்கு. நம்ம மொழியில இல்லாத சொல்லா?

சிலாம்பு:
ஐயா, பட்டறையில ‘சாய்வெட்டு ரம்பத்தை எடு’ன்னா உதவியாள் நின்னு முழிப்பான். மைட்டர் சான்னா கையில கொண்டு வந்து வைப்பான்.

தமிழ்த்தச்சன்:
முழிக்கிறது அவன் தப்பில்ல, சொல்லிக் கொடுக்காத உங்க தப்பு. இழைப்புளின்னு பேர் வச்சிருக்கிறவர்கிட்டயாவது அக்கறையை எதிர்பார்த்தேன்.

இழைப்புளி:
பேரை வச்சு என்னைச் சீண்டாதீங்க ஐயா. விரல் இருந்தாத்தான் இழைப்புளி பிடிக்க முடியும். பேரு அப்புறம், விரல் முன்னாடி.

இப்ப தேக்குமரனுக்கு வர்றேன். உங்க பதிவுல இருக்கிற படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். கிளாம்ப் போடச் சொன்னேன்னு இங்க ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. படத்துல கிளாம்ப் எங்க? இடது கை பிளேடுல இருந்து ஒரு சாண்கூட இல்ல. மேசையில கை வைக்கக் கூடாத இடம்னு சிவப்பா அடிச்சிருக்கிறதுக்கு மேலயே கட்டைவிரல் இருக்கு. 15 செ.மீ.யாவது விலகி இருக்கணும்னு சொல்றது யாருக்கு? பிளேடு நிமிஷத்துக்கு 4,800 சுத்து சுத்தினா பல்லோட வேகம் மணிக்கு 230 கி.மீ. உங்க மணிக்கட்டு அதைத் தாங்குமா?

பிசிறு வரக்கூடாதுன்னா வழி இல்லையா? நல்ல முகத்தைக் கீழே வையுங்க, பிய்யுறது மேலே பிய்யட்டும். ரெண்டு முகமும் தெரியுற வேலைன்னா கூரான கத்தியால கோட்டுல ரெண்டு தடவை கீறிட்டு அறுங்க. பலகைக்குப் பின்னாடி ஒரு பழைய துண்டை வையுங்க, பல்லு வெளியே வர்ற இடத்துல மரத்துக்குத் தாங்கல் இருக்கும். பல்லு தீட்டி எத்தனை மாசம் ஆச்சுன்னு பாருங்க. டேபிள் சாவுல இருந்து கழட்டின 20 டிகிரி ஹூக் பிளேடை இதுல மாட்டிட்டுப் பிசிறு வருது, ஏறுதுன்னு சொன்னா எப்படி? ஸ்லைடருக்கு ஹூக் பூஜ்யத்தை ஒட்டியோ நெகட்டிவ்லயோ இருக்கணும். இத்தனை வழி இருக்கும்போது அந்த இழுப்பு எதுக்கு?

தேக்குமரன்:
அந்தப் படம் மிஷின் ஓடாதப்ப எடுத்தது. பிளக்கே மாட்டல. படத்துக்காக கை வச்சேன்.

கத்தியால கீறுங்கன்னு சுலபமா சொல்றீங்க. நாளுக்கு அறுபது துண்டு வெட்டுறவன் ஒவ்வொண்ணுலயும் கோடு போட்டு, ஸ்கேல் வச்சு, ரெண்டு தடவை கீறிட்டு, அந்தக் கீறல்மேல பிளேடைச் சரியா இறக்கணும். அரை மி.மீ. தள்ளி இறங்கினா கீறலும் தெரியும், பிசிறும் தெரியும். பிளேடே போடுற கோடு பிளேடு அகலத்துக்கே விழும். உங்களுக்கு மரத்தைவிட பிடிவாதம்தான் பெருசு.

இழைப்புளி:
ஓடாத மிஷின்லயே கை போற இடம் அதுன்னா, ஓடுறப்ப எங்க போகும்? பழக்கம்தான் கையை நகர்த்துது. ‘படத்துக்காக’ன்னு சொல்றீங்களே, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அந்தப் பசங்க கத்துக்கிறாங்க.

மூலைமட்டம்:
நான் கேட்டதுக்கு இன்னும் ரெண்டு பேருமே பதில் சொல்லல. 90 சரிபார்த்தீங்களா?

சிலாம்பு:
விடுங்க, அவங்க ரெண்டு பேருக்கும் போன வருஷ டவ்டெயில் மூட்டுச் சண்டையே இன்னும் தீரல. அப்பவும் இழைப்புளிதான் கடைசி வரி எழுதினார்.

இழைப்புளி:
அந்தச் சண்டையிலயும் நான் சொன்னதுதான் சரி. அதை இங்க கிளறாதீங்க. தேக்குமரன், ரெண்டாவது தடவையா கேக்கிறேன். டெப்த் ஸ்டாப் தலை மேலே ஏறி வர்றதைத் தடுக்குமா?

தேக்குமரன்:
ரெண்டு பல்லுண்ணே. ரெண்டே ரெண்டு பல்லு. எத்தனை தடவை எழுதணும்?

இழைப்புளி:
என் நகத்தைப் பிளந்தது ஒரே பல்லு.