பூங்காக் குளங்களைக் காக்க உதவி தேவை

வணக்கம். சென்னையில் எங்கள் குடியிருப்பையொட்டிய பூங்காவில், மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குவதற்காகத் தோண்டப்பட்ட இரண்டு குளங்களின் கரைக்கும் அடிப்பகுதிக்கும் சிமெண்ட் பூசி, நடைபாதையை அகலப்படுத்தும் திட்டம் பேசப்படுகிறது. நடைபாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதியோருக்கு அது தேவைதான். ஆனால் அடியில் சிமெண்ட் பூசினால் நீர் மண்ணுக்குள் இறங்காது, குளம் வெறும் தொட்டியாகிவிடும்.

குளங்களில் படரும் ஆகாயத்தாமரையை நாங்களே அகற்றி வருகிறோம். யாரோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திதான் பெரும் தொல்லை: கொசுப்புழுக்களைத் தின்னும் சிறு மீன்களை அது விழுங்கிவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், வெட்டிவேர் நட்டுக் கரையை உறுதிப்படுத்திய அனுபவமுள்ளவர்களும், மாநகராட்சியிடம் அளிப்பதற்கான மாற்று வரைபடத்தைத் தயாரிக்கக்கூடிய பொறியாளர்களும் உதவுமாறு வேண்டுகிறேன். குளத்தில் பிடிபடும், வெளிநாட்டு இனமான சிவப்புக்காது ஆமைகளை எங்கே ஒப்படைக்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.