கிரெப்பஸ்குலர்: ‘அந்தியாடி’ பொருந்துமா?

விடியற்பொழுதிலும் மாலை மங்கும் வேளையிலும் இயங்கும் விலங்குகளைக் குறிக்க வழங்கும் கிரெப்பஸ்குலர் (crepuscular) என்னும் ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழில் ‘மங்கொளி’ என்று சொல்லலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் அது சரியே. இலத்தீனில் கிரெபர் என்பதற்கு மங்கலான, ஐயத்துக்குரிய என்று பொருள். அந்தி வெளிச்சத்தைக் குறிக்கும் கிரெபுஸ்குலும் அதன் வழி வந்தது. அதிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பெயரடை உருவாயிற்று. தெளிவற்ற அறிவு, மங்கிய நினைவு என உருவகமாக வரும் இடங்களுக்கு ‘மங்கல்’ என்பதே போதும். அங்கே புதுச்சொல் வேண்டியதில்லை.

விலங்கியலிலோ அச்சொல் ஒளியின் அளவைவிடப் பொழுதையே சுட்டுகிறது. நிலா வெளிச்சமும் மங்கொளிதான் என்றாலும், நள்ளிரவில் இரைதேடும் விலங்கை இரவாடி என்கிறோமே தவிர, கிரெப்பஸ்குலர் என்று அழைப்பதில்லை. கதிர் எழுவதற்குச் சற்று முன்பும் மறைந்த சிறிது நேரத்திலும் காதுகளை விறைத்துக்கொண்டு புல் கறிக்க வெளிவரும் முயலுக்கே இப்பெயர் உரியது. இரவாடி, பகலாடி ஆகிய சொற்கள் ஏற்கெனவே வழங்குவதால், அவ்வரிசையில் ‘அந்தியாடி’ என்பதை முன்வைக்கிறேன். நடமாடு, ஊடாடு என்பவற்றில் உள்ள ‘ஆடு’ இங்கும் இயல்பாக அமைகிறது.

அந்தி மாலையை மட்டும்தானே குறிக்கும் என்ற மறுப்பு எழலாம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தி மந்தாரை மாலையில்தான் மலர்கிறது. ‘அந்தி சந்தி’ என்னும் வழக்கிலும் அந்தி மாலையாகவும் சந்தி காலையாகவும் பிரிந்து நிற்கின்றன. ஆயினும் புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் “காலை அந்தியும் மாலை அந்தியும்” என்று பாடியிருக்கிறார். இரவும் பகலும் கலக்கும் இரு வேளைகளையும் ஒரே சொல்லால் சுட்டும் ஆட்சி நம்மிடம் அவ்வளவு பழையதாக இருக்கையில், பிற்காலத்தில் சுருங்கிய பொருளை மீண்டும் விரிப்பது வலிந்து செய்வதாகாது என்றே கருதுகிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. காலையில் மட்டும் இயங்குவனவற்றுக்கு மாட்டியூட்டினல் என்றும், மாலையில் மட்டும் இயங்குவனவற்றுக்கு வெஸ்பர்டைன் என்றும் ஆங்கிலத்தில் தனிச்சொற்கள் உள்ளன. அவற்றைக் ‘காலையந்தியாடி’, ‘மாலையந்தியாடி’ என்று அதே சொல்லிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம். ‘மங்கொளி’யை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

முகில் இடுக்கின் வழியே விரியும் ஒளிக்கீற்றுகளுக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழியைத் தருகிறார்கள். அவை உச்சிப்பொழுதிலும் தோன்றக்கூடியவை என்பதால், அங்கே அந்தியைக் கொண்டுவராமல் ‘முகிலிடைக் கதிர்’ என்பதே பொருந்தும்.