சரிவான காணியில் ஓட்ட, 11 வயது மகளுக்கு எந்தக் குவாட் பைக்?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பண்டாரவளைக்கு அண்மையில் உள்ள எங்கள் சிறிய தேயிலைக் காணிக்குள் மட்டும் ஓட்டுவதற்காக, 11 வயதான மகளுக்கு ஒரு குவாட் பைக் (நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்) வாங்க எண்ணியுள்ளோம். யமஹாவின் ராப்டர் 90, கிரிஸ்லி 90, ஹொண்டாவின் டிஆர்எக்ஸ் 90 ஆகியவை 10 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை என்பதால் அவற்றையே பார்த்து வருகிறேன். வளர்ந்த பிறகும் உதவும், 250 சிசி எஞ்சினுள்ள பெரிய வண்டியாகவே வாங்குங்கள் என்று மைத்துனர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உடலைச் சாய்த்து வண்டியை நிலைப்படுத்தும் அளவுக்கு எடையில்லாத பிள்ளையின் மேல் அது கவிழ்ந்தால், தானாகத் தள்ளிவிட்டு எழும்பவும் முடியாது.

என்னைக் குழப்புவது இறக்கம்தான். எங்கள் பாதை கொழுந்து மடுவத்திலிருந்து (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) செங்குத்தாக இறங்கி, வடிகானை ஒட்டித் திரும்புகிறது. மழை பெய்துவிட்டால் செம்மண் சவர்க்காரமாய் வழுக்கும். யமஹா வண்டிகளில் கியர் மாற்றும் வேலையே இல்லை. ஹொண்டாவில் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை என்றாலும், நான்கு கியர்களையும் காலால் மாற்ற வேண்டும். இத்தகைய இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது எதில் நன்றாக இருக்கிறது? வேகத்தை மட்டுப்படுத்தும் ஆக்சிலேட்டர் திருகை இறுக்கிய பின்னரும் ஏற்றத்தில் திணறாமல் ஏறுமா? கண்டியிலோ கொழும்பிலோ உதிரிப்பாகங்களும், சிறுவர் அளவிலான முழுமுகத் தலைக்கவசமும் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் விலையுடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.