மன்றத்தை மூடிவிட்டு சமூக ஊடகக் குழுவுக்கே போய்விடலாமா?

எழுதியவர்: சிற்றலை (மட்டுறுத்துனர்)

நண்பர்களே, வணக்கம்.

பழைய ரேடியோ பழுதுபார்ப்புக்கான நம் இணைய மன்றத்தின் சர்வர் வாடகையைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. மென்பொருளும் பழைய பதிப்பு, மேம்படுத்தாமல் இனி ஓட்ட முடியாது. "எல்லாரும் குழுவில்தானே இருக்கிறார்கள், இவ்வளவு பாடு எதற்கு, அங்கேயே போய்விடலாம்" என்கிறார் நிர்வாகத்தில் இருக்கும் இன்னொரு நண்பர். முடிவெடுக்கும் முன் உங்களைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோவைத் தூசு தட்டி மறுபடி பாட வைக்க ஆசைப்படுகிறவர்கள் குறைந்துவிடவில்லை. குழுவில் தினமும் யாராவது புதிதாகச் சேர்கிறார்கள். இங்கேதான் நாள்கணக்கில் புதுத் திரி (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்) வருவதில்லை. தேடுபொறி வழியாக வருகிறவர்கள் பழைய திரியைப் படித்துவிட்டு, உறுப்பினராகாமலே போய்விடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, படித்துப் பயன்பட்டால் சரி.

என் கவலை வேறு. அண்மையில் குழுவில் ஒருவர் கேட்டார்: ரேடியோ பாடுகிறது, ஆனால் கூடவே 'உம்ம்' என்று இரைச்சல், வால்யூமை முழுதும் குறைத்தாலும் போகவில்லை. இங்கே பல வருடமாக எழுதிய மூத்த உறுப்பினர் ஒருவர் அதற்கு அருமையாகப் பதில் தந்தார். இரைச்சல் மின்சாரத்தின் அதே அதிர்வெண்ணில், அதாவது 50 ஹெர்ட்ஸில் இருந்தால் சூடேற்றும் ஹீட்டருக்கும் எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடுக்கும் இடையே கசிகிற வால்வைச் சந்தேகப்பட வேண்டும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் முழு அலை ரெக்டிஃபையர் உள்ள செட்டில் இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் இருந்தால், அந்த டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். இரண்டையும் காதாலேயே எப்படிப் பிரிப்பது, எந்த முனையில் மீட்டரை வைப்பது என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்.

சில நாளில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பதிலைக் காட்டலாம் என்று தேடினேன், கிடைக்கவே இல்லை. எழுதியவரிடம் கேட்டால், மறுபடி அவ்வளவும் எழுதத் தெம்பில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் "வால்வை மாத்துங்க", "எர்த் கொடுங்க", "சூப்பர் கலெக்‌ஷன்" என்று கருத்துகள் குவிந்துவிட்டன. கேட்டவருக்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

உங்கள் அனுபவம் என்ன? மூடலாமா? வைத்திருப்பதென்றால் எதை மாற்ற வேண்டும்?

பதில்: பச்சைக்கண்

சிற்றலை சார், நான் குழுவுக்குப் போகலாம் என்ற பக்கம். காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு படம் போட வேண்டுமென்றால் அதன் அளவைக் குறைத்து, ஏற்றி, பதிவில் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும். மேசையில் ரேடியோவின் உலோக அடித்தளமான சேசிஸைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கையில் அழுக்கோடு நிற்கிறவன் அதையெல்லாம் செய்ய மாட்டான். குழுவில் போனை நீட்டினால் முடிந்தது. வேலை நடக்கிற நேரத்திலேயே பதில் வருகிறது. இரைச்சலை வீடியோவாகப் போட்டால் பத்து வரி விவரிப்பு மிச்சம்.

இன்னொன்று. புதியவர்களை நாம் இங்கே அன்பாக நடத்தினோமா? "தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்", "தவறான பிரிவில் போட்டிருக்கிறீர்கள்" என்ற பதில்களைப் பழைய திரிகளில் எத்தனை பார்க்கிறோம். நம் தேடல் பெட்டியோ மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல்லைத் தேடவே விடாது. குழுவில் யாரும் அப்படி விரட்டுவதில்லை. ஆள் போனதற்கு முழுப் பழியையும் சமூக ஊடகத்தின் மேல் போட மனம் ஒப்பவில்லை.

பதில்: ஈயப்புகை

தம்பி பச்சைக்கண் சொன்ன இரண்டும் உண்மை. புதியவரை விரட்டியது தவறு, படம் ஏற்றுவது தொல்லை. இரண்டையும் சரிசெய்யலாம். ஆனால் மூடுவது என்பது அதற்கு மருந்தல்ல. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ பழுது பார்ப்பதில் ஒரே பதிலில் தீர்கிற கேள்வி குறைவு. ஒருவர் "சத்தம் கரகரக்கிறது, அவுட்புட் வால்வு கொதிக்கிறது" என்று எழுதுவார். நாம் "கன்ட்ரோல் கிரிட்டில் டி.சி. எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்" என்போம். வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது இந்த கிரிட்தான்; அதற்கு வேண்டிய மைனஸ் அழுத்தத்தைக் கேத்தோடு வழியாகத் தரும் (கேத்தோடு பயஸ்) செட்டில் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்க வேண்டும். அவர் மீட்டர் வாங்கி, விடுமுறை நாளில் அளந்து, பிளஸ்ஸில் சில வோல்ட் காட்டுகிறது என்று வந்து சொல்வார். முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி டி.சி.யைத் தடுக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது என்று அப்போதுதான் உறுதியாகும். பழைய காகிதக் கண்டென்சர் கசிந்தால் கிரிட் பிளஸ்ஸாகி, வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுத்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். அவர் மாற்றுவார், அப்புறம் வேறொன்று தெரியவரும், அதையும் கேட்பார். ஒரு செட் முடிய மாதங்கள் ஆகும்.

இந்த நடைக்கு மன்றத்தில் இடம் இருக்கிறது. யார் எப்போது பதில் எழுதினாலும் திரி மேலே வந்து நிற்கும், முதல் வரியிலிருந்து கடைசி வரை வரிசையாக இருக்கும். சமூக ஊடகத்தில் யாருக்கு எதைக் காட்டுவது என்பதை ஒரு கணக்கீட்டு முறை முடிவு செய்கிறது. எதற்கு உடனே விருப்பக்குறி குவிகிறதோ அதுதான் பலர் கண்ணில் படும். மெருகேற்றிய மரப்பெட்டியின் படம் பறக்கும். மூன்று வாரம் கழித்து "நீங்கள் சொன்ன மின்னழுத்தத்தை அளந்துவிட்டேன்" என்று ஒருவர் எழுதினால், முதலில் பதில் சொன்னவர் அதைப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாளடைவில் பதில் எழுதுகிறவரும் சுருக்கமாக எழுதப் பழகிவிடுகிறார், விரிவாக எழுதியும் பலன் இல்லை என்று தெரிந்துவிடுகிறதே. நாம் இழப்பது இதைத்தான். ஆள் வேறு இடத்துக்குப் போனது சின்ன விஷயம். நன்றாக எழுதத் தெரிந்தவரே நன்றாக எழுதுவதை விட்டுவிடுகிறார்.

அடுத்தது, பிறர் தளத்தில் எழுதிவைப்பது என்ற வாடகை வீட்டின் ஆபத்து. யூஸ்நெட் என்ற கணினி வழி உரையாடல் வலையமைப்பு 1980-ல் தொடங்கியது. பழைய வானொலிகளுக்கென்றே அதில் ஒரு குழு இருந்தது. அது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல, மடல்கள் பல இடங்களில் பிரதியாக இருந்தன. அதனால்தான் 1981-ல் எழுதியவைகூடச் சேமிப்பில் மிஞ்சின. யாஹூ குழுக்களின் கதி வேறு. 2001-ல் தொடங்கி, எத்தனையோ பொழுதுபோக்குக் குழுக்களின் கோப்புகளும் படங்களும் அங்கே சேர்ந்தன. 2019 இறுதியில் அவற்றை நீக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பர் 15-ல் சேவையே நின்றது. தன்னார்வலர்கள் ஓடி ஓடிக் காப்பாற்றியது ஒரு பகுதிதான். கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகமும் 2019 ஏப்ரலில் போயிற்று. 2023 ஜூனில், வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்து ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. சாத்தியவர்களிடம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நாள்களில் தேடுபொறியில் பதில் கண்ணுக்குத் தெரியும், சொடுக்கினால் உள்ளே போக முடியாது. 2015-ல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேச்சு நன்றாக நடக்கும், ஆனால் உள்ளே பேசியது தேடுபொறிக்குத் தெரியாது.

மன்றங்களும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல. 2017-ல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம், வெளித்தளங்களில் படத்தைக் காட்ட ஆண்டுக்கு சுமார் 400 டாலர் கேட்டது. உலகமெங்கும் மன்றங்களில் படங்கள் மறைந்து, "படத்தில் சிவப்பு அம்புக்குறி காட்டும் கண்டென்சரை முதலில் கழற்றவும்" என்ற வரிக்கு மேலே வெற்றுப் பெட்டி மட்டும் நின்றது. நம் பழைய திரிகளிலும் வேறு தளத்தில் வைத்த படங்கள் இப்படிப் போயிருக்கின்றன. ஆகவே படங்கள் நம் சர்வரிலேயே இருக்க வேண்டும். செலவு கூடும், ஆனால் அங்கே கஞ்சத்தனம் கூடாது.

நானும் குழுவில் இருக்கிறேன், மகிழ்ச்சியாகவே இருக்கிறேன். அது திண்ணை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். அங்கே நல்ல பதில் ஒன்று வந்தால், எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு, அதை இங்கே ஒரு திரியாக எடுத்து வைப்போம். அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, நாம் ஒட்டினால் போதும். அடுத்த முறை அங்கே கேள்வி வந்தால் இந்தச் சுட்டியைக் கொடுப்போம், "தேடிப் பார்" என்று சொல்லாமல்.

பதில்: புதுக்காது

நான் இந்தப் பொழுதுபோக்குக்கே குறுங்காணொளி பார்த்துத்தான் வந்தேன். பழைய ரேடியோ ஒன்றின் டயல் விளக்கு எரிந்து, மெதுவாகச் சத்தம் எழும்புவதைப் பார்த்து ஆசைப்பட்டேன். அந்தக் காணொளி இல்லையென்றால் நான் இங்கே இல்லை. இதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் வீட்டுப் பரணில் இருந்த செட்டின் படத்தைப் போட்டு "இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டபோது வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் "பிளக்கைச் சொருகிப் பாருங்கள்" என்பதுதான். நல்லவேளையாக, மாடல் எண்ணைப் போட்டுத் தேடியபோது இந்த மன்றத்தின் பழைய திரி ஒன்று கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் சேசிஸே மின்கம்பியின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும், தொட்டால் உயிருக்கு ஆபத்து. வருடக்கணக்கில் கிடந்த செட்டை நேரடியாக மின்சாரத்தில் சொருகக் கூடாது. முதலில் கண்டென்சர்களைப் பார்த்துவிட்டு, பழைய இழை பல்பு ஒன்றைச் செட்டோடு சீரிஸில் (ஒரே மின்பாதையில் தொடராக) போட்டு, பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் என்று நிறுத்திவிட வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. என் செட் அந்த வகைதான். அந்தத் திரியில் எழுதிய இருவரும் இப்போது எங்கும் எழுதுவதில்லை போலிருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லக்கூட வழியில்லை.

மூடுவதென்றே முடிவானாலும் பழைய திரிகளை அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ். படிக்க மட்டுமாவது வையுங்கள்.

பதில்: பச்சைக்கண்

புதுக்காது எழுதியதைப் படித்தபின் 'மூடு' என்று அழுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈயப்புகை அண்ணா சொன்னதுபோல் குழுவிலிருந்து இங்கே எடுத்து வைக்கும் வேலையை நான் செய்கிறேன். ஒரே நிபந்தனை: போனிலிருந்து நேராகப் படம் ஏற்ற வசதி வேண்டும்.

பதில்: சிற்றலை (மட்டுறுத்துனர்)

எல்லாருக்கும் நன்றி. நண்பரிடமும் பேசிவிட்டேன். மன்றம் தொடரும்.

புதிய பதிப்புக்கு மாறுகிறோம், அதில் போனிலிருந்து படம் ஏற்றினால் அளவு தானாகக் குறையும், படம் நம் சர்வரிலேயே இருக்கும். தேடலில் அந்த மூன்றெழுத்துத் தடையையும் எடுத்துவிடுவேன். ஏற்கெனவே மறைந்துபோன படங்களின் மூலப்பிரதி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், திரியைத் தேடி நான் பொருத்துகிறேன். தவறான பிரிவில் வந்த கேள்வியை இனி மட்டுறுத்துனரே சத்தமில்லாமல் நகர்த்துவார், கேட்டவரிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். முழு மன்றத்தின் பிரதியையும் அவ்வப்போது எடுத்து, என்னிடம் மட்டும் இல்லாமல் இன்னும் சிலரிடம் கொடுத்து வைக்கப் போகிறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் திரிகள் இருக்க வேண்டும்.

இரைச்சல் பற்றிய அந்தப் பதிலை எழுதிய மூத்தவரிடம் நேற்று பேசினேன். அதைத் தன் போனில் வரைவாக வைத்திருந்தாராம், படங்களோடு அனுப்பிவிட்டார். 'மின்வழங்கல்' பிரிவில் அவர் பெயரிலேயே போட்டிருக்கிறேன். குழுவில் இரண்டாவதாகக் கேட்டவருக்கும் சுட்டி அனுப்பியாயிற்று, அவர் இன்னும் அளந்து சொல்லவில்லை. பச்சைக்கண், உங்களுக்கு மட்டுறுத்துனர் உரிமை கொடுத்திருக்கிறேன், உள்ளே நுழைந்து எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.