புது மொழி ஒன்று கட்டுகிறேன், ஆனால் அது தமிழாகவே வந்து நிற்கிறது

உப்புக்காற்று (கொக்குவில்)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுந்தீவுக்கும் அப்பால் வரைபடத்தில் இல்லாத ஒரு தீவு, அங்கே வெளியாரோடு கலக்காமல் வாழ்கிற ஒரு சனம், கடல்தான் அவர்களுக்கு எல்லாம். கரையில் ஒதுங்கிய ஒரு பொடியன் அவர்களுடைய மொழியை விளங்கிக்கொள்ளப் படும் பாடுதான் கதை, அதனால் அந்த மொழி உண்மையிலேயே இருக்க வேண்டும், இரண்டு மூன்று விநோதமான சொற்களைத் தூவிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இதுவரை செய்தது இதுதான்: நான் என்பதற்கு மோ, மீனுக்கு லுகா, பிடிப்பதற்கு தசு, முடிந்துபோன செயலுக்கு வி, தன்மைக்கு ர். ஆகவே 'மோ லுகா தசுவிர்' என்றால் நான் மீன் பிடித்தேன். காதுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால் பிடி-த்த்-ஏன், தசு-வி-ர், அச்சு ஒன்றுதான். வேற்றுமை உருபு, பெயரெச்சம் எல்லாம் தமிழில் எங்கே வருமோ அங்கேயே வருகின்றன. வினையை நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன், உடனே ஆங்கிலம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஓசையிலிருந்தா, இலக்கணத்திலிருந்தா? உலகத்து மொழிகளில் எவற்றைப் பார்த்தால் இந்த அச்சிலிருந்து வெளியே வரலாம்? நான் மொழியியல் படித்ததில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூல் அளவுதான்.

சுட்டெழுத்து (நல்லூர்)

பிள்ளை, நல்ல வேலை தொடங்கியிருக்கிறீர், விட்டுவிடாதையும். நன்னூல் படித்திருக்கிறீர் என்றால் பாதி வழி வந்தாயிற்று.

நீர் மாற்றியது சொற்களை மட்டும். பேசுகிற ஆளை எதையெல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு மொழி பிடித்து வைக்கிறது, எதைச் சொல்லாமல் போகவும் விடுகிறது, அங்கேதான் மொழிக்கு மொழி வித்தியாசம். வந்தான், வந்தாள், வந்தது என்று திணையும் பாலும் சொல்லாமல் தமிழில் ஒரு படர்க்கை வினையைப் பெரும்பாலும் முடிக்க முடியாது. துருக்கி மொழியிலும் பின்லாந்து மொழியிலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், அந்தச் சனத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் உம்முடைய தீவுச் சனம் எதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்? அதை முதலில் முடிவு செய்யும்.

இதற்கு அமேசன் காட்டுக்குப் போக முன்னம் எங்கள் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பாரும். இது என்றால் எனக்குக் கிட்ட, உது என்றால் உமக்குக் கிட்ட, அது என்றால் இரண்டு பேருக்கும் எட்ட. 'உதை எடுத்துத் தாரும்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். தொலைபேசியில் 'உங்கை மழையோ?' என்று கேட்கிறோமே, அந்த ஓர் எழுத்தில் கேட்கப்படுகிற ஆள் நிற்கிற இடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியம் சொன்னதில் அந்த உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் இல்லாமல் போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்பானியத்திலும் யப்பானியத்திலும் இதே மாதிரி மூன்று உண்டு. சிங்களத்தில் நான்கு: மே, ஒய, அர, ஏ. அங்கே கண்ணுக்குத் தெரிகிற எட்டத்துப் பொருளுக்கு ஒன்று, தெரியாததற்கு அல்லது முன்னம் பேசினதற்கு வேறொன்று.

இப்போது உம்முடைய தீவுக்கு வருவோம். கடலோடிகளுக்கு இடம் வலம் எதற்கு? ஹவாய் மொழியில் மலைப்பக்கத்துக்கு மௌகா, கடற்பக்கத்துக்கு மகாய் என்று வழி சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழி பேசுகிறவர்கள் கைப்பக்கத்தில் இருக்கிற பொருளைக்கூட வடக்கு, கிழக்கு என்று திசை வைத்துத்தான் குறிப்பார்கள். எங்கள் கரையோரத்தில் வடக்கிலிருந்து வருவதற்கு வாடை, தெற்கிலிருந்து வருவதற்குச் சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் காற்றுகளையே சுட்டாக வைத்துப் பாரும். 'வாடைப்பக்கத்துக் கிண்ணத்தை எடு' என்று பேசுகிற சனம் எந்த நேரமும் திசை தெரிந்த சனமாக இருக்கும். பொடியன் திசை தவறுகிற இடத்தில் மொழியும் தவறும், உமக்குக் கதைக்கும் உதவும்.

யாழ்ப்பாணத் தமிழைப் பற்றி இப்படி நுணுக்கமாகப் பார்க்க ஆசை என்றால் யாழ். பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த சு. சுசீந்திரராஜாவின் கட்டுரைகளைத் தேடி வாசியும்.

மூவகை மெய் (திருநெல்வேலி)

மேலே ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் ஓசையிலிருந்துதான் தொடங்குவேன். அக்கா, உங்கள் சொற்களைப் பாருங்கள்: மோ, லுகா, தசு. எல்லாம் ஒரு மெய் ஓர் உயிர், ஒரு மெய் ஓர் உயிர். அது நல்லதுதான், ஹவாய் மொழியும் அப்படித்தான், எந்த அசையும் உயிரில்தான் முடியும், மெய்கள் மொத்தமே எட்டு. ஆனால் நீங்கள் தெரிந்து எடுத்த முடிவா, தானாக வந்ததா? தானாக வந்தது என்றால் அடுத்த சொல்லில் 'தசுவிர்' என்று ர் வந்து அந்த ஒழுங்கைக் கெடுத்துவிடும், கெடுத்தும் விட்டது.

எந்த ஓசைகள் உண்டு, அவை எப்படிச் சேரலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனி வேலையை மட்டும் எடுங்கள்: பத்து, பற்று, பட்டு. பல்லில் ஒன்று, பல்லுக்குப் பின்னால் மேட்டில் ஒன்று, நாக்கை மடித்து ஒன்று. மூன்றையும் வேறு வேறாக வைத்திருக்கிற மொழிகள் உலகத்தில் குறைவு. நாங்கள் ரீச்சர், கொம்பியூற்றர் என்று எழுதுவதும் அந்த நடு ஓசை எங்கள் வாயில் இருப்பதால்தான். மறு அந்தத்தில் உபிக் என்று கோக்கசஸ் பக்கத்து மொழி, மெய்கள் 84, உயிர் இரண்டே இரண்டு. அதைப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசெஞ்ச் 1992 இல் காலமானார். ஒரு மொழியின் ஓசைக்கு எவ்வளவு தூரம் இடம் இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அப்புறம் முக்கியமானது, மொழிக்கு வயது கொடுங்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் தன் கதைகளுக்கு என்று செய்த குவென்யா, சிந்தாரின் என்ற இரண்டு மொழிகளையும் தனித்தனியே கட்டவில்லை, பழைய மூலமொழி ஒன்றை வைத்து அதிலிருந்து ஓசை மாறி மாறி இரண்டும் பிரிந்து வந்ததாகச் செய்தார். ஒன்றில் பின்லாந்து மொழியின் சாயல், மற்றதில் வேல்சு மொழியின் சாயல். இது கற்பனைக்காகக் கண்டுபிடித்த உத்தி இல்லை, மொழிகள் உண்மையில் அப்படித்தான் பிரிகின்றன. எங்கள் பால், பத்து, பள்ளி கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹள்ளி.

உங்கள் லுகாவை வைத்தே செய்து காட்டுகிறேன். பன்மைக்கு -னு என்று வைப்போம். பழைய காலத்தில் லுகா, லுகானு. முதல் மாற்றம், மூன்றசைச் சொல்லில் நடு உயிர் விழும்: லுக்னு. இரண்டாவது மாற்றம், இரண்டு உயிருக்கு நடுவில் நிற்கிற க் தேய்ந்து போகும்: லுவா. இன்றைக்கு ஒருமை லுவா, பன்மை லுக்னு. பொடியனுக்கு இது விளங்காத ஒழுங்கீனம். தீவுக் கிழவிக்கு அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை, அப்படித்தான் பேசுவோம் என்பாள். நாங்கள் கேள் என்பதற்குக் கேட்டான் என்று யோசிக்காமல் சொல்கிற மாதிரி. இரண்டே விதியில் மொழி பழசாகிவிட்டது பாருங்கள். 'அசை உயிரில்தான் முடியும்' என்ற சட்டமும் அங்கே உடைந்தது, ஆனால் இந்த முறை காரணத்தோடு.

நெடுவீதி (மானிப்பாய்)

நான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறேன். மொழி கட்டுகிறவர்கள் எல்லாரும் தூரத்து மொழிகளைத் தேடும்போது பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

'மம கியனவா' என்றால் நான் சொல்கிறேன். 'மட்ட கியவெனவா' என்றால் என்னையறியாமல் வாயில் வந்துவிடுகிறது. வினையின் உருவமும் மாறும், நான் என்பது எனக்கு என்றாகவும் மாறும். எங்களுக்கும் உடைத்தேன், உடைந்தது என்று சோடி இருக்கிறது, ஆனால் சிங்களத்தில் நினைத்துச் செய்தது, நினையாமல் நடந்தது என்ற பிரிவு மிகப் பல வினைகளில் ஓடுகிறது. மீன் பிடிக்கிற சனத்துக்கு இதைவிடப் பொருத்தமானது ஒன்று இருக்கிறதா? வலை போட்டுப் பிடித்தது ஒரு வினை, வலையில் தானாக வந்து விழுந்தது இன்னொரு வினை.

இன்னொன்று. 'எயா எனவலு', 'அவர் வாறாராம்'. அந்த லுவும் எங்கள் ஆமும் ஒரே வேலை: நான் காணவில்லை, கேள்விப்பட்டேன். எங்களுக்கு அது விருப்பம், போடாமலும் விடலாம். கொலம்பியா, பிரேசில் எல்லையில் பேசப்படுகிற துயுக்கா மொழியில் விட முடியாது. கண்டது, காணாமல் வேறு புலனால் அறிந்தது, தடயத்தை வைத்து அறிந்தது, பிறர் சொன்னது, பொதுவாக ஊகித்தது என்று ஐந்தில் ஒன்றை வினையில் வைத்தே ஆக வேண்டும். உங்கள் தீவில் இதை வையுங்கள். பொடியன் கேள்விப்பட்டதைக் கண்டதற்கான விகுதியோடு சொல்வான், தீவுச் சனம் அவனைப் பொய்யன் என்று முடிவு கட்டும். இலக்கணப் பிழையால் ஒருவன் ஊரைவிட்டு விலக்கப்படுவது எப்படியான ஒரு அத்தியாயம் என்று யோசியுங்கள்!

கரைவலை (பருத்தித்துறை)

எல்லாரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறீர்கள், எனக்குப் பயம் தங்கச்சி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவா என்பதுதான். காற்றுத்திசைச் சுட்டு, ஐந்து வகைச் சாட்சி, நினையாவினை, தேய்ந்த ககரம் எல்லாம் ஒன்றாக வேண்டாம். ஒடியல் கூழுக்குள் நண்டும் போடலாம், றாலும் போடலாம், பயிற்றங்காயும் போடலாம், ஒடியல் மா இல்லையென்றால் ஒன்றும் சேர்ந்து நிற்காது. உங்கள் மொழிக்கு அந்த மா எது? ஒன்றையோ இரண்டையோ ஆழமாக எடுத்து அது மொழி முழுவதும் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

எதற்காகக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். சாமென்ஹோஃப் 1887 இல் எஸ்பெராந்தோ என்ற கட்டிய மொழியை வெளியிட்டபோது எல்லா நாட்டவரும் விரைவாகப் படிக்க வேண்டும் என்பது நோக்கம், அதனால் விதிவிலக்கே வைக்கவில்லை. அர்போ மரம், அர்போய் மரங்கள், அர்போய்ன் மரங்களை. பெயர், பன்மை, வேற்றுமை என்று எங்கள் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது, தமிழருக்கு அது சுகமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். மார்க் ஓக்ராண்ட் 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் வேற்றுக்கிரகத்தாருக்குக் கிளிங்கொன் மொழி செய்தபோது நோக்கம் நேர் எதிர், அந்நியமாக ஒலிக்க வேண்டும், அதனால் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற மிக அரிதான வரிசையை எடுத்தார். அரிது என்றாலும் அமேசன் பக்கத்து ஹிஷ்கர்யானா மொழியில் அந்த வரிசை இயல்பாகவே உண்டு. சோன்யா லாங் 2001 இல் வெளியிட்ட தோக்கி போனா என்ற மொழி ஏறக்குறைய 120 சொற்களோடு நிற்கிறது, குறைவாக வைத்துப் பேசுவதே அதன் நோக்கம். உங்கள் தேவை இவை ஒன்றும் இல்லை, ஒரு சனம் வாழ்ந்து தேய்த்த மொழி. அதற்கு ஒழுங்கும் வேண்டும், வழுக்கலும் வேண்டும்.

சொல் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு பந்தியை மொழிபெயருங்கள். அப்போதுதான் ஓட்டை தெரியும். 'நான் வெட்டிய மரம்', 'நான் வெட்டிய கத்தி', 'நான் வெட்டிய நாள்' என்று தமிழ் ஒரே பெயரெச்சத்தில் மூன்றையும் சமாளிக்கிறது, மரம் வெட்டுப்பட்டது, கத்தி கருவி, நாள் காலம் என்று கேட்கிறவர்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். பல மொழிகள் அப்படி விடாது. உங்கள் மொழி எப்படிச் சொல்லும்? எதிர்மறையையும் பாருங்கள். பழந்தமிழில் செய்யேன் என்றால் செய்ய மாட்டேன், செய்யவில்லை எல்லாம் அதுதான், காலம் காட்டுகிற உறுப்பே அங்கே கிடையாது. அப்படி ஒரு வழி யாராவது புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உப்புக்காற்று (கொக்குவில்)

எல்லாருக்கும் பெரிய நன்றி. கரைவலை அண்ணா சொன்ன மாதிரி இரண்டை மட்டும் எடுத்தேன்: நினைத்தது/நினையாதது, கண்டது/கேட்டது. காற்றுத்திசையை இன்னொரு கதைக்கு வைத்திருக்கிறேன், ஐயா மன்னிக்க வேண்டும். வினையை முதலில் வைத்துவிட்டேன், ஹவாய் மொழியிலும் அப்படித்தான் என்று பிறகு வாசித்தேன். தன்மை விகுதி ர் போய்விட்டது.

தசே, நினைத்துப் பிடிப்பது. தசோ, தானாக அகப்படுவது. -ன கண்டது, -று கேட்டது. -மெ எங்கள் 'கு'.

'தசேன லுவா மோ', நான் மீன் பிடித்தேன்.
'தசோன லுவா மோமெ', எனக்கு மீன் அகப்பட்டது.
'தசோறு லுக்னு', மீன்கள் அகப்பட்டனவாம்.

இப்போது ஒரு சந்தேகம். தன்னைப் பற்றிப் பேசும்போது -று வரவே வராதா? நான் செய்ததை நான் எப்படிக் கேள்விப்படுவது?

நெடுவீதி (மானிப்பாய்)

வரும், கட்டாயம் வரும். 'நான் சின்னனில் கிணற்றுக்குள் விழுந்தேனாம்' என்று அம்மா சொன்னதை நாங்கள் சொல்வதில்லையா? நித்திரையில் கதைத்தது, காய்ச்சலில் புலம்பியது எல்லாம் அதற்குள் வரும். அதோடு தசோ மாதிரி நினையா வினைகளோடுதான் தன்மையில் -று அதிகம் சேரும், தசேயோடு சேர்ந்தால் விநோதமாக ஒலிக்கும். உங்கள் இரண்டு அம்சமும் அந்த இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அதை நன்றாகப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது கேள்வி வாக்கியம். 'மீன் அகப்பட்டதா?' என்று கேட்கும்போது -ன போடுவதா -று போடுவதா? இப்படிச் சாட்சி காட்டுகிற பல மொழிகளில் கேட்கிறவர் தான் அறிந்ததை வைத்துப் போடுவதில்லை, பதில் சொல்லப்போகிறவர் கண்டிருப்பாரா கேட்டிருப்பாரா என்று பார்த்துத்தான் விகுதி போடுவார். உங்கள் தீவில் எப்படி என்று முடிவு செய்துவிட்டு அந்தப் பந்தியை இங்கே போடுங்கள், எல்லாருமாகப் பார்ப்போம்.