எங்கள் குடும்ப மருத்துவரிடம் என்னென்ன கிடைக்கிறது? – அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து:

வயதான மாமனாரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தோழி ஒருத்தி, "உங்கள் டாக்டர் காய்ச்சல், சளி தவிர வேறென்ன பார்ப்பார்?" என்று கேட்டாள். கிளினிக் வாசலில் உள்ள பலகையில் பொது மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி, நெபுலைசர், தடுப்பூசி என்று ஐந்தாறு வரிகள் இருக்கின்றன. அதைப் படித்துச் சொல்ல நான் எதற்கு? இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவள் என்பதால், பலகையில் எழுதப்படாத ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தத்தம் ஊர் அனுபவத்தைச் சொல்லலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி இரவு, சாப்பிட்டு எழுந்த அப்பா நெஞ்சுக்குக் கீழே ஏதோ அடைப்பதாகச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்ட வாழைக்காய் வறுவல்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்து, பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்துவிட்டோம். அரைமணி நேரம் கழித்தும் அடங்காததால், "வாயு மாத்திரை ஒன்று வாங்கி வருகிறேன்" என்று அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப, நானும் கூடப் போனேன். கிளினிக்கில் பதினான்கு பேர் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்கள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைக் கம்பவுண்டர் பார்த்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்பவருக்கு இப்படி வியர்க்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், எங்களை ஒன்றும் கேட்காமல் நேரே உள்ளே அழைத்துப் போனார்.

ஈசிஜி எடுத்து முடித்ததும் டாக்டர் செய்த முதல் காரியம், இரும்பு அலமாரியிலிருந்து அப்பாவின் பழுப்பு அட்டையை எடுத்துவரச் சொன்னதுதான். முந்தைய ஆண்டு கண் அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜி அதில் பின் அடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டம் போட்ட அந்த இளஞ்சிவப்புத் தாள்கள் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டு, "இந்த இடம் போன வருஷம் தரையோடு படுத்திருந்தது, இன்றைக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது பாருங்கள்" என்றார். எனக்கு அந்தக் கோடுகள் புரியவில்லை, ஆனால் வித்தியாசம் தெரிந்தது. ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, கூடவே வேறு இரண்டு மாத்திரைகளையும் கொடுத்து, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் எழுதிய கடிதத்துடன் இரண்டு ஈசிஜிகளையும் என் கையில் தந்தார். 108 வருவதற்குள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரே தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டதால், நாங்கள் போய் இறங்கியபோது முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா இன்றும் வாழைக்காய் வறுவல் சாப்பிடுகிறார், அளவாக.

ஈசிஜி இயந்திரம் எந்த ஊரிலும் கிடைக்கும். போன ஆண்டின் ஈசிஜி அட்டையில் இருந்ததே, அதைத்தான் நான் சேவை என்பேன்.

திருச்சியிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்தபோது, நான் எங்கள் டாக்டர் மீது கோபப்பட்ட ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு நாள் கடும் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போனேன். எடை மேடையில் நிறுத்தி எடை பார்த்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொரு தரம் என்று எழுதிக் கொடுத்தார். ஊசி போடவில்லை. ஆன்டிபயாடிக் எழுதவில்லை. வலி மாத்திரை வேறு எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும் என்பது காரணம். ஒரு மணி நேரம் காத்திருந்து வெறும் சிரப்போடு திரும்புகிறோமே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எதிர்வீட்டு மாமி, "ஊசிகூடப் போடாத டாக்டரா?" என்று கேட்டது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

புறப்படும்போது அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்: "காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று ஸ்கூலுக்கு அனுப்பிவிடாதீர்கள், காய்ச்சல் விடும் அன்றுதான் நான் அவனைப் பார்க்க வேண்டும்." நான்காம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றான், இரண்டு முறை வாந்தி எடுத்தான், காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. அவர் சொன்ன அறிகுறிகள் ஒன்றுவிடாமல் இருந்ததால் ஓடினேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாடி பார்த்து, உள்ளங்கால் சில்லென்று இருப்பதை என் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லி, அங்கேயே வைத்துக்கொள்ளாமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். டெங்குதான். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் என்பதை அந்த வார்டில்தான் தெரிந்துகொண்டேன். தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அது புதிய செய்தி.

மதுரையிலிருந்து:

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஊரையும் பெயரையும் சொல்ல விரும்பவில்லை. என் தந்தை மூட்டு வலிக்காகப் பல மாதங்கள் சென்று வந்த ஓர் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஓர் ஊசியும், பெயர் எதுவும் இல்லாத காகிதப் பொட்டலத்தில் மூன்று வேளை மாத்திரையும் கொடுத்தார்கள். சீட்டு கிடையாது. ஊசி போட்ட அன்று மாலையே வலி பறந்துவிடும் என்பதால் "கைராசி டாக்டர்" என்று அவர் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார். "இது என்ன மருந்து?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நீங்கள் டாக்டருக்குப் படித்திருக்கிறீர்களா?" என்ற பதில்தான் வந்தது. அதுவரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று ஏறி, முகமும் உப்பத் தொடங்கியபோது வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் எதுவும் எழுதப்படாததால் உறுதி செய்ய வழியே இல்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்று சொல்லி, மிகவும் கவனமாகப் படிப்படியாகத்தான் மாற்றினார்.

ஆகவே, புதிதாகக் குடிவந்த சகோதரிக்கு என் யோசனை: என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன், அந்த மருத்துவர் மருந்தின் பெயரைத் தாளில் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் சிறிதாக ஒன்று சொல்கிறேன். 2014 மார்ச் முதல், வீரியமான சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் எச்1 என்ற பட்டியலில் வருகின்றன. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எந்த மருத்துவர் எதை எவ்வளவு எழுதுகிறார் என்பது இதனால் எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பகுதியில் நான் என் பிள்ளைகளை அழைத்துப் போகும் டாக்டரின் சீட்டுதான் இருப்பதிலேயே குட்டையான சீட்டு. வியாபாரத்துக்கு நஷ்டம், என்ன செய்வது.

லண்டன், ஹாரோவிலிருந்து:

அம்மா சென்ற கோடையில் இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்தபோது, இங்குள்ள ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் தற்காலிக நோயாளியாகப் பதிந்துகொண்டோம். மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்குபவர்கள் அப்படிப் பதியலாம், எந்த நாட்டவரானாலும் ஜிபியைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அம்மாவால் அதை நம்பவே முடியவில்லை, "வெளியே வரும்போது கேட்பார்களோ?" என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதேசமயம், அங்கே போல மாலையில் நடந்து போய் டோக்கன் வாங்குவது இங்கே நடக்காது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நின்று, என்ன தொந்தரவு என்று வரவேற்பாளரிடம் சொல்லி, அவர் மருத்துவரிடமோ நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ பிரித்து அனுப்பிய பிறகு கிடைப்பது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் பாதி, அம்மா கொண்டுவந்த சீட்டிலேயே போயிற்று. அதில் இருந்தவை எல்லாம் இந்தியக் கம்பெனிப் பெயர்கள், இங்குள்ள மருத்துவருக்கு அவற்றில் ஒன்றுகூடப் புரியவில்லை. அன்றிரவு ஊரிலுள்ள எங்கள் குடும்ப மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். மறுநாள் காலை அம்லோடிபின், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று மூலப் பெயர்களோடும் அளவோடும், எந்த ஆண்டு தொடங்கியது என்ற குறிப்போடும் அவர் கைப்பட எழுதிய தாளின் படம் வந்திருந்தது. வெளிநாடு வரும் பெற்றோருக்கு இப்படி ஒரு தாளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து, மீண்டும்:

தனிச்செய்தியில் பலர் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். குழந்தைக்கான தடுப்பூசிகளை எங்கள் டாக்டர் போடுவார். ஆனால், அட்டவணையில் உள்ள பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அங்கே போய்ப் போட்டுவிட்டு அட்டையை மட்டும் என்னிடம் காட்டுங்கள் என்று அவரே சொல்லிவிடுவார். நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்வார், முதல் ஊசியையும் போடுவார். காயம் ஆழமாக இருந்தால், காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய மருந்து அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறது என்று கையோடு அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து பார்ப்பது உண்டு, படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும், மதியம் கிளினிக் மூடிய பிறகு.

சர்க்கரைக்கு மாதந்தோறும் ஏன் அவரிடம் போக வேண்டும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அத்தைக்கும் அப்படித்தான் வருகிறது. ஆனாலும் ஆண்டுக்கு இரு முறை பாதத்தைக் காட்ட அவரிடம் அழைத்துப் போகிறேன். அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் அது லேசாக வளையும்வரை தொடுவார். தொட்டது தெரிந்தால் அத்தை "ம்" என்று சொல்ல வேண்டும். போன முறை இடது கட்டைவிரலின் அடியில் இழை வளைந்து நின்றது, அத்தை பேசாமல் இருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது என்று ஆயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. டாக்டருக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது, தை மாதத்தோடு மாலை நேரக் கிளினிக்கை மூடப்போகிறார். அந்த இரும்பு அலமாரியை என்ன செய்வது என்று யோசித்து, வருகிறவர்களிடம் அவரவர் அட்டையைக் கொடுத்துவருகிறார். போன வாரம் எங்கள் குடும்பத்து அட்டைகள் ஐந்தையும் ரப்பர் பேண்டு போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம் எடுத்தேன். என் தம்பியின் அட்டையில் மேல் மூலையில் சிவப்பு மையில், "பென்சிலின் – உடம்பெல்லாம் தடிப்பு, கொடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. தேதி 2004. அப்போது அவனுக்கு நான்கு வயது. அம்மாவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை, இப்போது பெங்களூரில் இருக்கும் அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அன்றிரவே அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன்.