ஐசியூ நர்ஸ், ஒன்பது வருஷ அனுபவம். வேலையை விட்டுட்டு எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுகலை) படிக்கலாமா?

தாமிரபரணி சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஐசியூ இன்சார்ஜா இருக்கேன். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. வீட்டுக்காரர் அரசு பஸ்ல கண்டக்டர். மகளுக்கு அஞ்சு வயசு, அடுத்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்.

இது ரொம்ப நாளா மனசுல இருக்கிற கேள்விதான். போன மாசம் நடந்த ஒண்ணுதான் இப்ப எழுத வச்சிருக்கு. அன்னைக்கு ஐசியூ எட்டுப் படுக்கையும் நிறைஞ்சிருந்தது. மூணாம் படுக்கை அம்மாவை வென்டிலேட்டர்ல இருந்து எடுத்து ரெண்டு நாள் ஆச்சு, வார்டுக்கு மாத்தலாம்னு காலைல பத்து மணிக்கே டாக்டர் எழுதிட்டார். வார்டுல படுக்கை காலி இல்ல. அங்க ஒரு தாத்தாவுக்கு ஒன்பதரைக்கே டிஸ்சார்ஜ் சொல்லியாச்சு. வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சப்பையை மடியில வச்சிட்டு உக்காந்திருக்கார். பாட்டி அடிக்கொருதரம் வந்து "பாப்பா, பில்லு வந்துட்டா?"ன்னு கேக்காங்க. இன்சூரன்ஸ் வரலை, வரலைன்னு சொல்லியே பொழுது போச்சு. அவங்க கிளம்பும்போது ராத்திரி எட்டு பத்து.

இதுக்கு நடுவுல மதியம் ரெண்டு மணிக்கு ஒரு பையன் ஆக்சிடென்ட்ல வந்தான். ஐசியூல இடம் இல்லாம கேஷுவல்ட்டியிலேயே டியூப் போட்டு வச்சிருந்தாங்க. என் ஸ்டாஃப் ஒருத்தியை அவன்கூட நிக்க கீழ அனுப்பினேன். மேல எட்டு பேருக்கு ஒரு ஆள் குறைவு. பையன் பிழைச்சுட்டான். ஆனா அந்த ஆறு மணி நேரம் என் கை நடுங்கினது எனக்குத்தான் தெரியும்.

மாசக் கூட்டத்துல இதைச் சொன்னேன். "அது அட்மின் விஷயம் சிஸ்டர், நீங்க பேஷண்டைப் பாருங்க"ன்னுட்டாங்க. பேஷண்டைப் பார்க்கத்தானே இதைக் கேட்டேன்?

என் கேள்வி: ரெகுலர் எம்எச்ஏ ரெண்டு வருஷமா, வேலையில இருந்துக்கிட்டே தொலைதூரக் கல்வியில எம்பிஏ ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட்டா, இல்ல எம்எஸ்சி நர்சிங்கா? இன்னொண்ணு, அந்தப் பக்கம் போயிட்டா பேஷண்டை விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடுமா?

வைகைக்கரை அக்கா:

தங்கச்சி, உன் கடைசிக் கேள்வியைத்தான் நானும் 2014-ல கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். அப்ப எனக்கு 32 வயசு, மதுரையில சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். வேலையை விட்டு எம்எச்ஏ படிச்சேன். இப்ப ஒரு ஆஸ்பத்திரியில குவாலிட்டியும் ஆபரேஷன்ஸும் பார்க்கறேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்க.

வகுப்புல முதல் மாசமே ஒரே வரியில ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தாங்க. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்சது. ஓபிக்கு மணிக்கு 40 பேர் வர்றாங்க, ஒவ்வொருத்தரும் ஒன்றரை மணி நேரம் இருக்காங்கன்னா ஹாலுக்குள்ள எப்பவும் 60 பேர் இருப்பாங்க. அந்த நேரத்தை முக்கால் மணியாக் குறைச்சா 30 பேர். நாற்காலி வாங்கிப் போட்டு வரிசை குறையாது. உன் கதையில இதைப் போட்டுப் பாரு. தினம் 20 டிஸ்சார்ஜ், டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும் ஒவ்வொருத்தரும் எட்டு மணி நேரம் படுக்கையில இருக்காங்கன்னு வை. 160 மணி நேரம். 24-ஆல் வகுத்தா ஆறரைப் படுக்கைக்கு மேல. வைத்தியமே நடக்காத ஆறு படுக்கை தினமும் உங்க ஆஸ்பத்திரியில இருக்கு, கீழ ஒரு பையன் டியூபோட கிடக்கான். இதை எண்ணாச் சொன்ன அன்னைக்குத்தான் என்னையும் கூட்டத்துல நிமிந்து பார்த்தாங்க.

என் புராஜெக்டே டிஸ்சார்ஜ் தாமதம்தான். மூணு வாரம் இன்சூரன்ஸ் டெஸ்க் பக்கத்துல நோட்டோட நின்னேன். எல்லாரும் இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான் சொன்னாங்க. நேரத்தை எழுதிப் பார்த்தா, பைல் எங்ககிட்ட இருந்து போனதே மூணு மணிக்கு மேல! டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி கையெழுத்துக்குக் காத்திருக்கு, டாக்டர் தியேட்டர்ல இருக்கார். மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பலை, அதனால பில் மூட முடியலை. இப்ப 2024 மே மாசம் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு: கேஷ்லெஸ், அதாவது பேஷண்ட் கையில இருந்து கட்டாம இன்சூரன்ஸே நேரா கட்டுறதுக்குக் கேட்டா ஒரு மணி நேரத்துல பதில், டிஸ்சார்ஜுக்கு இறுதி அனுமதி மூணு மணி நேரத்துல. நல்ல விதிதான். ஆனா அந்த மூணு மணி நேரம் ஆஸ்பத்திரி அனுப்பினதுக்கு அப்புறம்தான் தொடங்கும். முந்தின நாள் சாயங்காலமே சம்மரியைத் தயார் பண்ணி, ராத்திரி டியூட்டியிலேயே மருந்து ரிட்டர்ன் போட ஆரம்பிச்சோம். நிறையப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாங்க. அதுக்கு ஒரு ரூபா செலவில்ல.

ஆள் கணக்கும் அப்படித்தான். ஒரு இடத்துல 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிக்கணும்னா வருஷத்துக்கு 1095 ஷிஃப்ட். வார விடுமுறை 52, மத்த லீவு ஒரு 28 போனா ஒருத்தி வர்றது 285 நாள். வகுத்துப் பாரு, கிட்டத்தட்ட நாலு பேர் வேணும். மூணு பேரைப் போட்டுட்டு "சமாளிங்க சிஸ்டர்"னு சொல்ற இடத்துல உன் டபுள் டியூட்டி எங்கிருந்து வருதுன்னு இப்ப புரியுதா? இத்தனை வருஷம் அது என் சாமர்த்தியக் குறைவுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வகுப்புல உக்காந்து அழுதுட்டேன்.

மதுரைக்காரிங்கிறதால அரவிந்தைச் சொல்லாம இருக்க முடியலை. 1976-ல 11 படுக்கையோட தொடங்கின கண் ஆஸ்பத்திரி. அங்க சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த பேஷண்டைப் பக்கத்து டேபிள்ல தயார் பண்ணிடுவாங்க, முடிச்சவர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கிட்டு அடுத்ததைத் தொடங்குவார். அந்தத் தயாரிப்பைச் செய்யறது பெரும்பாலும் கிராமத்துல இருந்து வந்து அங்கேயே பயிற்சி எடுத்த பொண்ணுங்க. டாக்டரோட நேரம் வீணாகாததால இலவசமாவும் குறைஞ்ச காசுக்கும் அத்தனை பேருக்குச் செய்ய முடியுது. இதைச் சொல்லிக்கொடுக்கவே 1992-ல லைகோன்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரங்க கூட வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. நிர்வாகம்னா பேஷண்டை விட்டுப் போறதுன்னு இருந்த என் எண்ணம் அந்தத் தியேட்டர் வாசல்லதான் போச்சு.

படிப்பு விஷயம். எம்எஸ்சி நர்சிங் வேற ரோடு. காலேஜ்ல பாடம் எடுக்கவோ நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஆகவோ ஆசைன்னா அது. நீ எழுதியிருக்கிறதைப் பார்த்தா உனக்கு எம்எச்ஏதான். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துல (டிஸ்) இருக்கு, இங்கேயும் பல காலேஜ்ல இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல இருக்கிறது எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கு, அதுல நேரம் செலவழிக்காதே. காலேஜுக்குப் போனா கட்டடத்தைப் பார்க்காதே. எந்த ஆஸ்பத்திரியில எத்தனை மாசம் போஸ்டிங், அங்க கைடு யாரு, போன பேட்ச் இப்ப எங்க வேலை பார்க்குதுன்னு கேளு. சீனியர் ரெண்டு பேர் நம்பர் தரத் தயங்கினா வந்துடு.

தொலைதூரத்தை நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். இப்ப இருக்கிற இடத்துலேயே குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல ஒரு நாற்காலி தர்றோம்னு எழுத்துல சொன்னா அது போதும். யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவோட பட்டியல்ல அந்தப் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கான்னு மட்டும் நீயே பார்த்துக்க, ஏஜென்ட் சொல்றதை நம்பாதே. நாற்காலி தரமாட்டாங்கன்னா ரெகுலர்தான். போஸ்டிங் இல்லாத நிர்வாகப் படிப்பு, வார்டே பார்க்காத நர்சிங் மாதிரி.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். அக்கவுன்ட்ஸ் எனக்கு முதல் செமஸ்டர் முழுக்கத் தண்ணி காட்டிச்சு. படிச்சு முடிச்சதும் கிடைச்ச முதல் வேலையில சம்பளம் பழையதைவிடக் குறைவு, அதை மீட்க ரெண்டு வருஷம் ஆச்சு. லோன் போடறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட அதைச் சேர்த்துச் சொல்லு.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தஞ்சை:

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன். தனியாரை மட்டும் மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன்.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதற்குமுன் மருந்து இல்லை என்று நோயாளியிடம் சொல்லிச் சொல்லி எனக்கு முகத்தில் தோலே மரத்துப் போயிருந்தது. கழகம் வந்தபின் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புக். எங்களுக்கு ஒதுக்கிய தொகை அதில் இருக்கும், மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழியும். வங்கிக் கணக்கு போல. எவ்வளவு மீதி, எது வேகமாகத் தீர்கிறது என்று மருத்துவரும் நானும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதால் விலையும் இறங்கியது. பிற மாநிலங்கள் பின்னர் இதைப் பார்த்துத்தான் தம் கழகங்களை அமைத்தன. என் பணிக்காலத்தில் நோயாளிக்கு மிகப் பெரிய நன்மை செய்த சாதனம் எது என்றால் அந்தப் பாஸ் புக்கைத்தான் சொல்வேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எம்எச்ஏ படித்தால் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஆகிவிட முடியாது, அந்தப் பதவி மருத்துவர்களுக்குரியது. ஆனால் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் தர ஆலோசகர் போன்ற ஒப்பந்தப் பணிகள் உண்டு. நர்சிங் பட்டத்தோடு மருத்துவமனை நிர்வாக முதுகலையும் உள்ளவர்கள் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் என்பதால் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். கட்டடத்துக்கு வெளியே மாவட்ட அளவில் வேலை செய்ய ஆர்வம் இருந்தால் எம்பிஎச் என்னும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பையும் விசாரியுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் 1997 முதல் இருக்கிறது.

கடலோரம்:

சிஸ்டர், நான் ராமநாதபுரம் மாவட்டத்துல மனநலம் பாதிச்ச பெண்களுக்கான ஒரு காப்பகத்துல சமூகப் பணியாளர். நிர்வாகம்னா ஆஸ்பத்திரி மட்டும்னு எல்லாரும் பேசறதைப் பார்த்து எழுதறேன்.

2001 ஆகஸ்ட் 6, எங்க மாவட்டத்து ஏர்வாடி. மனநலம் பாதிச்சவங்களை வச்சிருந்த ஒரு காப்பகத்துல கூரை பத்திக்கிட்டப்போ சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் இறந்தாங்க. நான் அப்ப ஆறாம் வகுப்பு, வீட்டுல ரேடியோவைச் சுத்தி எல்லாரும் பேசாம உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. அங்க வைத்தியம் இல்லங்கிறது ஒரு பக்கம். எத்தனை பேர் இருக்காங்க, யார் பூட்டினது, சாவி யார்கிட்ட, யார் வந்து சோதிச்சதுன்னு கேட்க ஆள் இல்லாம இருந்தது இன்னொரு பக்கம். இன்னைக்கு எங்க காப்பகத்துல என் நாள்ல பாதி ஆதார், மாற்றுத்திறனாளிச் சான்று, மாத்திரை இருப்பு, ராத்திரி டியூட்டி அட்டவணைன்னுதான் போகுது. ஒரு அம்மாவை ஒன்பது வருஷம் கழிச்சு ஒடிசாவுல அவங்க மகன் வீட்டுல கொண்டுபோய் விட்டோம்னா அதுக்குப் பின்னால இருக்கறது அந்த பேப்பர்தான். சென்னையில 1993-ல தொடங்கின தி பான்யன்ங்கிற மனநல அமைப்பு, மனநலத் தலைமைக்குன்னே ஒரு கல்வி நிறுவனமும் நடத்துது. முதியோர் இல்லம், காப்பகம், மறுவாழ்வு மையம் எல்லாத்துக்கும் ஐசியூ பார்த்த கையும் கணக்குத் தெரிஞ்ச தலையும் சேர்ந்த ஆள் வேணும். புராஜெக்ட் எடுக்கும்போது எங்களை மாதிரி இடத்தையும் நினைச்சுக்கோங்க.

தாமிரபரணி சிஸ்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, பாஸ் புக் கதையை என் வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், டிக்கெட் கணக்கு முடிக்கிற மாதிரி இருக்குன்னு ஆசையாக் கேட்டார். அக்கா, அட்மிஷனுக்கு இன்னும் மாசம் இருக்கு. அதுக்குள்ள நான் என்ன செய்யலாம்?

வைகைக்கரை அக்கா:

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கு. பேஷண்ட் பேரோ அட்மிட் ஆனப்ப குடுக்கிற ஐபி நம்பரோ எழுதாதே, அது வெளிய போகக்கூடாது. படுக்கை நம்பர் மட்டும். ஐசியூவில இருந்து வார்டுக்கு மாத்தச் சொன்ன நேரம், வார்டுல படுக்கை காலியான நேரம், உனக்குத் தகவல் வந்த நேரம், பேஷண்ட் போய்ச் சேர்ந்த நேரம். ரெண்டு வாரம் எழுது. யாரையும் குறை சொல்ல எழுதாதே, இல்லைன்னா ரெண்டாம் நாளே வார்டுல உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திடுவாங்க.

தாமிரபரணி சிஸ்டர்:

அக்கா, ரெண்டு வாரம் முடிஞ்சது. மொத்தம் 23 பேரை மாத்தினோம். நான் நினைச்சுக்கிட்டு இருந்தது பாதிதான் சரி. பத்துப் பேருக்கு நிஜமாவே டிஸ்சார்ஜ் தாமதம், படுக்கை இல்ல. ஒன்பது பேருக்குப் படுக்கை காலியாகிச் சுத்தமும் பண்ணியாச்சு, எங்களுக்குத் தகவல் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கு. ஒருநாள் ரெண்டே முக்கால் மணி நேரம்! படுக்கை தயார்னு ஐசியூவுக்குச் சொல்றது யார் வேலைன்னு எங்கேயும் எழுதலை. வார்டு சிஸ்டர் பில்லிங் சொல்லும்னு நினைக்காங்க, பில்லிங் ஹவுஸ்கீப்பிங் சொல்லும்னு நினைக்குது. நாங்களும் போன் பண்ணிக் கேட்டதில்ல, அதையும் நோட்டுல எழுதியிருக்கேன்.

மேட்ரன்கிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசாம ரெண்டு தடவை பார்த்தாங்க. திங்கக்கிழமையில இருந்து படுக்கை துடைச்சு முடிச்ச உடனே வார்டு சிஸ்டர் ஐசியூவுக்கு போன் போடணும்னு ஆர்டர் போட்டிருக்காங்க. அட்மிஷன் ஃபாரம் நேத்து வாங்கிட்டேன், ரெகுலர்தான். மகளை அம்மா பார்த்துக்கறேன்னுட்டாங்க.